உல்லம் ஏறும் படிக்கட்டு

இஞ்ஞாசிக்கு இடுப்பு வரை மரமாகிவிட்டது. முந்தின நாள் தொடை வரைதான் ஆகியிருந்தது.

அலைவாய்க்குடியில் இதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் ஆவார்கள். ஆற்றின் வாயில், முட்டளவுத் தண்ணீரில், அவரவர் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலை போட அனுமதிச் சங்கு எப்போது ஊதும் என்று காத்து நிற்பார்கள். நிற்க நிற்கப் பாதம் சேற்றில் வேர் பிடிக்கும். பிறகு முழங்கால் இறுகும். பிறகு மேலே போகும்.

அவன் மனைவி பரிபூரணம் காலையில் கஞ்சியோடு தண்ணீருக்குள் இறங்கினாள். புருஷனின் இடுப்பைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது.

“வலிக்கா?”

“வலிக்கல. அரிக்கி. கரையான் புடிச்சிருக்குமோ என்னமோ.”

“சும்மா கெடங்க.”

“சும்மாதான நிக்கேன். கெடக்க முடிஞ்சா கெடந்துருவேனே.”

அவள் கஞ்சியை ஊட்டினாள். மரத்துக்குள் போகும் கஞ்சி எங்கே தங்கும் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

பக்கத்தில் ரொசாரி நின்றான். அவன் முழுசாகவே மரமாகிவிட்டவன். நல்ல பூவரச மரம். தோளில் ஒரு இலை விட்டிருந்தது. அவன் மனைவி சலேத் தங்கள் வள்ளத்தை அவன்மேல்தான் கட்டியிருந்தாள். வேறு எதில் கட்டுவாள்? ஆனால் கயிறு உரசுமே என்று ஒரு பழைய சேலைத் துணியை அவன் கழுத்தில் சுற்றி, அதன்மேல் கட்டியிருந்தாள். துணி நனைந்து இற்றால் வேறு துணி மாற்றினாள். இப்படிப்பட்டவர்களால்தான் உலகம் ஓடுகிறது என்பார்கள். அப்போது அது ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தது.

“மாப்பிள்ள பேசறதில்ல,” என்றான் இஞ்ஞாசி. “ஆனா நான் ஏதாச்சும் சொன்னா அந்த இலை ஆடுது. காத்தாவும் இருக்கலாம்.”

“காத்தாத்தான் இருக்கும்.”

“ஏ பிள்ள, இன்னைக்கு ஆபீஸ்ல உன் முறைதான? நல்லாப் பாத்துச் சொல்லு. நெஞ்சுக்கு வந்துட்டா மூச்சு கஷ்டம். கழுத்துக்கு மேல போயிட்டுன்னா நீ எங்கிட்ட சண்டை போட முடியாது.”

“நீங்க மரமாகட்டும், கல்லாகட்டும், நான் போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்,” என்றாள் பரிபூரணம். கரையேறிய பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

அலுவலகத்துக்குப் போகும் வழியின் தூரம் ஆளைப் பொறுத்தது. வெறுங்கையாகப் போனால் வழி நீளும். அடுத்தவருக்கு ஏதாவது கொண்டுபோனால் சுருங்கும். அதனால் ஊரில் யாரும் வெறுங்கையோடு வெளியூர் போவதில்லை. சலேத் ஏற்கெனவே போய் வரிசையில் நின்றிருந்தாள். பரிபூரணம் அவளுக்காக ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறுவதற்குள் அணைக்கட்டு வந்துவிட்டது.

மீன் ஏற்றக் கண்காணிப்பு அலுவலகம் அணைக்கட்டின் மேல் இருந்தது. அலுவலகத்தை முதலில் கட்டிவிட்டார்கள். ஆறு பிறகுதான் வந்தது. வேறு வழி இல்லாமல் ஆறு அலுவலகத்துக்குள் நுழைந்து, மாடிப்படி வழியாக இறங்கி, வாசலைக் கடந்து கடலுக்குப் போனது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து மேலே போகிற உல்லம் மீன்களும் அதே படிக்கட்டில்தான் ஏற வேண்டும். உல்லம் ஒழுங்கான மீன். இடது ஓரமாக ஏறும். யாராவது தேநீர் வாங்க இறங்கினால் ஒதுங்கி வழிவிடும்.

போதுமான உல்லம் மேலே போய்விட்டது என்று தெரிந்தால்தான் கீழே வலை போட விடுவார்கள். இது நியாயமான சட்டம். தாய் மேலே போகாமல் குஞ்சு கீழே வராது. அலைவாய்க்குடியில் யாரும் இந்தச் சட்டத்தைக் குறை சொன்னதில்லை. மரமாகி நின்றவர்களும் சொன்னதில்லை.

ஏறும் மீனை எண்ணுவதற்குப் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு முக்காலி. அலைவாய்க்குடிக்காரர்களைத்தான் அதில் உட்காரவைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு உல்லமும் ஒன்றுதான், மடவை மீனும் ஒன்றுதான். உட்கார்ந்தவர் ஒரு மீனைப் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுந்துவிட வேண்டும். அடுத்த மீனுக்கு அடுத்த ஆள். ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், பழகிய கண் பொய் சொல்லும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

வாசலில் கண்காணிப்பாளர் வைத்தியலிங்கம் நின்றார். வாசலிலும் அவர்தான், உள்ளேயும் அவர்தான். ஆள் பற்றாக்குறை.

“இருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இருக்கேன் சார்.”

“யாரு சொல்லணும்?”

“நான்தான் சொல்லுதேனே.”

“நீங்களே சொன்னா எப்படிம்மா? எல்லாருமே இருக்கேம்பாங்க. இன்னொருத்தங்க சொல்லணும்.”

பின்னால் வந்த மீசைக்காரர் ஒருவர், “இருக்கு சார், இந்தப் பொம்பள இருக்கு,” என்றார். ஒரே ஊர்தான் என்றாலும் அவரைப் பரிபூரணம் முன்னே பின்னே பார்த்ததில்லை. “ரொம்ப நாளாவே இருக்கு,” என்றும் சேர்த்துக்கொண்டார். மனசு நல்ல மனுஷர். பரிபூரணம் திரும்பி அவருக்காகச் சொன்னாள். இருவரும் உள்ளே போனார்கள்.

தாழ்வாரம் முழுக்க வரிசை. ஒரு ஆள் சேர்ந்தால் தாழ்வாரம் ஒரு ஆள் அளவு நீண்டது. அதனால் முன்னால் போனாலும் முக்காலி அதே தூரத்தில் தெரிந்தது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. கணுக்கால் அளவு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் ‘0’ என்று எழுதியிருந்தது.

சலேத் கொஞ்சம் முன்னால் நின்றாள். கஞ்சியைக் கைமாற்றிக் கைமாற்றி அவளிடம் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டுச் சட்டியைத் திருப்பி அனுப்பியபோது அதற்குள் வரிசைக்காரர்கள் யார் யாரோ போட்ட கருப்பட்டித் துண்டுகள் கிடந்தன.

சலேத்தின் முறை வந்தது, போனது. மீசைக்காரர் பரிபூரணத்தை முன்னால் விட்டார். அவள் முறையும் வந்தது.

முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் ஒரு உல்லம் வந்து நின்றது. பெரிய மீன். வெள்ளி வயிறு, முட்டை பாரம். தாண்டி மேல்படிக்கு வந்தது. மூச்சு வாங்கியது. ஒரு நிமிஷம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தது. வழி கேட்பது போல் இருந்தது. பரிபூரணம் மேலே கை காட்டினாள். அது போனது.

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இது மாதாவுக்கு,” என்று சத்தமாகச் சொன்னாள்.

மனசு நிறைந்து எழுந்தாள். வைத்தியலிங்கம் சிலேட்டைத் துடைத்தார். ‘0’ என்று எழுதினார்.

பரிபூரணம் சிலேட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“சார், மீன் போச்சே.”

“போச்சும்மா.”

“நான் பாத்தேனே.”

“பாத்தீங்கம்மா. நானும் பாத்தேன். நல்ல மீன்.”

“பின்ன ஏன் ஒண்ணுமில்லன்னு எழுதுதீங்க?”

“எண்ணிக்கை வரலயேம்மா,” என்றார் வைத்தியலிங்கம். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. “ஒண்ணு வந்தாக்கூடப் போதும். மிச்சத்தை மேல மெஷின்ல போட்டுப் பெருக்கிக்கிடுவோம். பூஜ்ஜியத்தைப் பெருக்கறதுக்கு மெஷின்ல வழி இல்ல.”

பரிபூரணம் வெளியே வந்தாள். படியோரத்தில் சலேத் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“சலேத்து, உனக்கு மீன் வந்துச்சா?”

“வந்துச்சு மைனி. கொழுத்த மீன்.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்லுவாங்க? மாதாவுக்குன்னு சொன்னேன்.”

பரிபூரணம் தாழ்வாரத்துக்குத் திரும்பினாள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் கேட்டாள். அண்ணன் என்ன சொல்லப் போறீங்க, பெரியம்மா என்ன சொல்லப் போறீங்க. அவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மீசைக்காரர் சிரித்தேவிட்டார்.

“முதல் மீனைப் போயி எண்ணுவாங்களாக்கும்? நீ எந்த ஊர்ல வாக்கப்பட்ட?”

அவர் சொன்னது சரிதான். அலைவாய்க்குடியில் எந்த வேலைக்கு இறங்கினாலும் முதலில் வருவது மாதாவுக்கு. இன்றைக்கு இறங்கினால் இன்றைக்கு முதலில் வந்தது, நாளைக்கு இறங்கினால் நாளைக்கு முதலில் வந்தது. மாதாவுக்குக் கொடுத்ததை எண்ணக் கூடாது. எண்ணினால் அது கொடுத்தது ஆகாது, கடனாகிவிடும். எண்ணிக்கை இரண்டாவது மீனில்தான் தொடங்கும். ஆனால் முக்காலியில் உட்கார்ந்த யாருக்கும் இரண்டாவது மீன் வந்ததில்லை. ஆற்றில் ஏறிய அத்தனை உல்லமும் யாராவது ஒருவருக்கு முதல் மீனாகவே இருந்தது.

அவள் இதை வைத்தியலிங்கத்திடம் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார்.

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“வந்த புதுசுலயே தெரியும். ஆனா எண்ணிக்கையைப் பாக்கறவங்களாச் சொல்லணும், கேட்டு வாங்கக் கூடாதுன்னு விதி. சாமிக்குக் குடுத்த மீனை நான் எப்படிக் கணக்குல ஏத்துவேன்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“அப்ப என்னைய ரெண்டு மீனுக்கு உக்கார விடுங்க.”

“பின்னால நிக்கிறவங்க மீனை நீங்க பாத்தா அவங்களுக்கு என்ன இருக்கு?”

அவள் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் வீட்டில் அடுப்பு எரியாதவர்கள். புருஷனோ அண்ணனோ ஆற்றின் வாயில் மரமாகி நிற்பவர்கள். அந்த ஒரு மீனைப் பார்ப்பதும், அதைக் கொடுப்பதும்தான் அவர்களுக்கு மிச்சமிருந்த காரியம். வேறு எதைக் கொடுக்க அவர்களிடம் இருந்தது? அதை எனக்குத் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? பரிபூரணம் கேட்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றாள்.

இந்த முறை எண்ணிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அவள் அப்படிப்பட்ட பெண் அல்ல. கோயில் உண்டியலில் போட்ட காசை எண்ணிப் போட்டதில்லை. பிச்சைக்காரனுக்குப் போட்ட சோற்றை அளந்ததில்லை. ஆனால் மாதாவும் ஒரு பெண்பிள்ளைதானே, இடுப்பு வரை மரமான புருஷனை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

தாழ்வாரம் நீண்டது. ஆற்றின் வாயிலிருந்து செய்தி வரிசை வழியாக வாய்மாறி வந்தது. “இஞ்ஞாசிக்கு நெஞ்சு வரைக்கும் வந்துட்டாம்.” கொஞ்சம் கழித்து, “கை ரெண்டும் போயிட்டாம், ஆனா பேசுதானாம்.” பிறகு, “கழுத்தாம். பாட்டு பாடுதானாம்.”

“என்ன பாட்டு?” என்று கேட்டு அனுப்பினாள் பரிபூரணம்.

பதில் வந்தது. “நல்லாப் பாடலியாம்.”

அவள் முக்காலிக்கு வந்தாள். உட்கார்ந்தாள். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உல்லம் ஏறிவந்தது. செதில் சில உதிர்ந்திருந்தது. எங்கேயோ அடிபட்டு வந்த மீன். மேல்படிக்குத் தாண்டிப் பார்த்து விழுந்தது. மறுபடி தாண்டியது. இந்த முறை ஏறிவிட்டது.

பரிபூரணம் வாயைத் திறந்தாள்.

“இது மாதாவுக்கு,” என்றது வாய்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். வைத்தியலிங்கம் சிலேட்டைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

“எந்திரிங்கம்மா,” என்றார் மெதுவாக. “அடுத்த ஆளு.”

அடுத்து நின்றவள் ஒரு நடுவயதுப் பெண். நனைந்த பாதம், மடியில் ஈரம். அவளிடம் கருவாட்டு வாசம் பலமாக அடித்தது. அலைவாய்க்குடியில் அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஊரில் மீன் கண்ட காலம் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

“அவளே இருக்கட்டும்,” என்றாள் அந்தப் பெண். “எனக்கு வாறதையும் அவளே பாக்கட்டும்.”

வைத்தியலிங்கம் தயங்கினார். “நீங்க இருக்கீங்களாம்மா?”

“அப்படித்தான் சொல்லுதாங்க.”

“வேற யாராவது சொல்லணும்.”

வரிசையில் எல்லோருக்கும் அவளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. பரிபூரணம் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

“இருக்காங்க சார். நான் பாக்கேன்லா.”

“அப்பச் சரி,” என்றார் வைத்தியலிங்கம். “ஆனா பதில் ஆளு உக்காரலாம்னு விதி இல்லயே.”

“உக்காரக் கூடாதுன்னு இருக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவர் யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். “இல்ல,” என்றார். சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பரிபூரணம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க சொல்லுதது பெரிய காரியம். ஆனா அடுத்து வாறது உங்களுக்கு முதல் மீனுலா? அப்ப அதும் மாதாவுக்குத்தான போகணும்? நான் எப்படி எண்ணுவேன்?”

“வேண்டாம்னு சொல்லுதேன்லா,” என்றாள் அந்தப் பெண். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது, அலுப்பும் இருந்தது. “வந்தது போதும். வீட்ல வைக்க எடமில்ல. உப்புல போட்டேன், கட்டித் தொங்கவிட்டேன், அக்கம்பக்கம் குடுத்தேன், பிறகும் வந்துக்கிட்டே இருக்கு. எல்லாம் சோத்துக்கு இல்லாதவங்க குடுத்தது. நான் எப்படித் திங்க? ஒருவாய் வச்சா எறங்க மாட்டேங்குது.”

பரிபூரணம் அவளையே பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள். சில கேள்விகளை மரியாதைக்காக விட்டுவிட வேண்டும்.

“திரும்பி உக்காரு,” என்றாள் அந்தப் பெண். “மீன் வருது.”

பரிபூரணம் திரும்பினாள். கீழ்ப்படியில் ஒரு உல்லம் வந்து நின்றது. சின்ன மீன்தான். அவசரம் இல்லாமல் ஏறியது. மேல்படியில் நின்று செவுளை அசைத்தது. இவளைப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்குப் போனது.

ஆறு சத்தமில்லாமல் ஓடியது.

“ஒண்ணு,” என்றாள் பரிபூரணம்.

அந்தச் சொல்லை அங்கே யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வைத்தியலிங்கம் சிலேட்டை எடுத்தார். பலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்று எப்படி எழுதுவது என்பது அவருக்கு மறந்துவிட்டது. மீசைக்காரர் காற்றில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வைத்தியலிங்கம் அதைப் பார்த்து எழுதினார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது.

மேல்மாடியில் மெஷின் ஓடத் தொடங்கியது. மாவு மில் மாதிரி சத்தம். கூரையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. வைத்தியலிங்கம் காதைப் பொத்திக்கொண்டு, “பெருக்குதாங்க,” என்று சத்தம் போட்டுச் சொன்னார். “போதும்னு வந்துட்டு. போதும்போதும்னு வந்துட்டு.”

சங்கு ஊதியது.

பரிபூரணம் எழுந்து அந்தப் பெண்ணைத் தேடினாள். அவள் வாசல்பக்கம் நின்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கருவாடு, வாழைச்சருகில் பொதிந்தது.

“சலேத்துக்குக் கொண்டு குடு. வெறுங்கையா ஓடுனா நேரமாயிரும்.”

“உங்களுக்கு சலேத்தைத் தெரியுமாக்கா?”

“தினமும் வந்து புலம்புதா.”

பரிபூரணம் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வழி சுருண்டு கொடுத்தது. வேலிகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்தன. சங்கின் சத்தம் அடங்குவதற்குள் ஆற்றின் வாய்க்கு வந்துவிட்டாள். சலேத் அவளுக்கு முன்பே அங்கே இருந்தாள். பொட்டலத்தைக் கையில் வாங்கினாள், பிரிக்கவில்லை. ரொசாரியின் கழுத்துத் துணிக்குள் பத்திரமாகச் செருகிவைத்தாள்.

முழங்கால் வரை மட்டும் மரமாகியிருந்தவர்கள் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றிலிருந்து சளக் சளக் என்று சத்தம் வந்தது. அவர்கள் வள்ளத்தில் ஏறிவிடலாம். முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல மீன்பாடு கிடைக்கும் என்பது ஆற்றுவாய்க்காரர்களுக்குத் தெரியும்.

இஞ்ஞாசிக்குத் தாடை வரை வந்திருந்தது. கண்ணும் மூக்கும் மேலுதடும் மிச்சம்.

“வந்துட்டியா?” என்றான். கீழுதடு மரமாகிவிட்டதால் சொல் வழுக்கியது. “சங்கு ஊதுன மாரி கேட்டுது.”

“ஊதிட்டு. வாங்க.”

“எங்கிட்டு வர?”

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சலேத்தும் சேர்ந்து இழுத்தாள். அசையவில்லை. வேர் ஆழமாகப் போயிருந்தது.

வள்ளத்தில் ஒரு காலை வைத்திருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனும் பல நாள் சாப்பிடாதவன். அந்தக் காலைக் கீழே வைத்தான். துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து இஞ்ஞாசியின் பாதத்தடியில் சேற்றைத் தோண்டினான். ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து இன்னொருவன் வந்தான். பிறகு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆறு திறந்துகிடந்தது. ஒரு வள்ளமும் போகவில்லை. எல்லோரும் குனிந்து ஒரு மனுஷனின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்த ஒருவர் மேலே இருந்தால் அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிருக்கும்.

இஞ்ஞாசி பெயர்ந்து வந்தான். தூக்கிக் கொண்டுபோய் வள்ளத்தில் படுக்கவைத்தார்கள். பரிபூரணம் வலையை எடுத்து அவன் மார்பில் வைத்தாள். வேறு எங்கும் வைக்க இடமில்லாததால் வைத்தாள். வலை பட்ட இடத்தில் மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலானது. முதலில் நெஞ்சு வந்தது. பிறகு கைகள் வந்தன. இடுப்போடு நின்றுவிட்டது. ஏன் அங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் பேராசைப்படவும் இல்லை.

இஞ்ஞாசி எழுந்து உட்கார்ந்தான். மூக்கைச் சொறிந்துகொண்டான். ரொம்ப நேரமாகச் சொறிய வேண்டியிருந்த மூக்கு.

“மாப்பிள்ளையையும் தூக்குங்க,” என்றான்.

சலேத் தலையை ஆட்டினாள். “வேண்டாம்ண்ணே. நீங்க போயிட்டு வாங்க. அவுக முழுசா மரம். இலை வேற விட்டுட்டு.”

“மரமா இருந்தா என்ன? நான் எப்ப, தங்கச்சி, தனியாப் போயிருக்கேன்?”

“வள்ளம் தாங்காதுண்ணே.”

“தாங்கும். அவன் மனுஷனா இருந்தப்பவும் இதே கனந்தான்.”

ரொசாரியைப் பெயர்த்தார்கள். அவன் நின்ற குழியில் தண்ணீர் ஊறியது. சலேத் அவன் தோளிலிருந்த இலை மடங்காமல் பார்த்துக்கொண்டாள். அவனை வள்ளத்தின் முன்பக்கம் நீளவாக்கில் கிடத்தினார்கள். பிறகுதான் மற்றவர்கள் தங்கள் வள்ளங்களுக்குப் போனார்கள்.

ஆற்றின் நடுவில் வெயில் ஏறியிருந்தது. பரிபூரணம் துடுப்புப் போட்டாள். சலேத் பின்னால் உட்கார்ந்து திசை பார்த்தாள். நடுவில் ஒருமுறை எழுந்துபோய், ரொசாரியின் முகம் இருந்த இடத்தில் நனைத்த துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தாள். இஞ்ஞாசி வலையை இறக்கினான்.

“சண்டை போடணும்னியே, போடு,” என்றான் பரிபூரணத்திடம்.

“வேலை முடியட்டும்.”

வலை கனத்தது. நல்ல கனம். இஞ்ஞாசி பின்கயிற்றைப் பிடித்து இழுத்தான். முன்கயிற்றை இழுக்க ஆள் வேண்டும். பரிபூரணம் துடுப்பை விட்டால் வள்ளம் கடலுக்குள் இழுபட்டுவிடும். சலேத் எழுந்தால் வள்ளம் சுற்றிவிடும். இஞ்ஞாசியால் முன்பக்கம் போக முடியாது, அவனுக்கு இடுப்புக்குக் கீழே மரம். வலையின் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தது. மீன் மறுபக்கம் சரிந்தது.

“விட்டுருவமா?” என்றாள் பரிபூரணம்.

“கொஞ்சம் பொறு.”

முன்கயிறு இறுகியது. பலகையில் உரசிக் கிரீச்சென்றது. பிறகு ஒரு முழம் உள்ளே வந்தது. நின்றது. இன்னொரு முழம் வந்தது.

பெண்கள் இருவரும் பக்கத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார்கள். இஞ்ஞாசி குனிந்து தன் கயிற்றையே பார்த்தான். மூன்று பேரில் ஒருவரும் முன்பக்கம் திரும்பவில்லை.

“மெல்ல மாப்பிள்ள, மெல்ல,” என்றான் இஞ்ஞாசி.

கயிறு மெதுவாக வந்தது.